நீல மூடி உப்பு

எங்கள் சமையல்கூடத்தில் அக்காவைத் தராசு என்றுதான் கூப்பிடுவோம். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவோம், கோபித்துக்கொள்ள மாட்டாள். மிளகுத்தூள் தூவுவதாக இருந்தாலும் எடை பார்த்துத்தான் தூவுவாள். கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள், எங்கள் வேலை அப்படி. நாங்கள் சமைத்தது ஓட்டலுக்கோ விடுதிக்கோ அல்ல, ஆராய்ச்சிக்கு.

ஒரு பெரிய மருத்துவ ஆராய்ச்சி நிலையம். அதன் பின்பக்கம் எங்கள் அடுப்புகள். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் சிலர் தாங்களாகவே பேர் கொடுத்து, தினமும் எங்களிடம் வந்து சாப்பிட்டுப் போவார்கள். தட்டில் வைக்கும்போது எடை போடுவோம். சாப்பிட்டு முடித்ததும் மிச்சத்தையும் எடை போடுவோம். நான் காய் நறுக்குகிறவள். அக்காதான் சமையலுக்கும் தராசுக்கும் பொறுப்பு. மிச்சம் வைத்தால் ஆராய்ச்சிக் கணக்கு கெட்டுவிடும் என்பதால் சாப்பாட்டுக்கூடத்தில் சுற்றிச் சுற்றி வந்து, "வழிச்சு சாப்பிடுங்க, வழிச்சு சாப்பிடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். அங்கே சாப்பிட வந்தவர்களில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் உண்டு. ஊரையே நடுங்க வைத்த மனிதர், அக்கா வந்து நின்றால் சின்னப் பிள்ளை மாதிரி விரலால் தட்டைச் சுரண்டுவார்.

ஆராய்ச்சி உப்பைப் பற்றியது. சிவப்பு மூடி போட்ட டப்பாக்கள் ஒரு பக்கம், நீல மூடி போட்டவை மறுபக்கம், பந்தியும் அப்படியே இரண்டு. ஒன்றில் சாதா உப்பு. மற்றதில் சாதா உப்பில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு வேறு ஏதோ தாது உப்பைக் கலந்திருந்தார்கள். எது எதில் என்று சாப்பிடுகிறவர்களுக்கும் தெரியாது, ரத்தக் கொதிப்பு பார்க்கிற நர்சுகளுக்கும் தெரியாது. தெரிந்தால் மனசு பாரபட்சம் பார்க்குமாம். ஆரம்பித்த நாளன்று டாக்டரம்மா எங்களையும் வரிசையாக நிற்கவைத்துப் பேசினார். இந்தப் புது உப்பு பலித்தால் எத்தனையோ பேருக்குப் பக்கவாதம் வராமல் தடுக்கலாம் என்றார். அந்தக் கலப்பில் என்ன இருக்கிறது என்று எங்களுக்குச் சொல்லவில்லை. காய் நறுக்குகிறவளுக்கும் கரண்டி பிடிக்கிறவளுக்கும் அது எதற்கு என்று நினைத்திருப்பார். எனக்கு அந்த அம்மாள் மேல் இன்றைக்கும் கோபம் உண்டு. நியாயமில்லாத கோபம்தான், ஆனாலும் இருக்கிறது.

அக்காவின் நாக்கை ஏமாற்ற முடியாது. முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

"நீலந்தான்டி புதுசு," என்று என் காதில் சொன்னாள். "நாக்கு நுனியில லேசா ஒரு கசப்பு நிக்குது பாரு."

எனக்கு ஒரு கசப்பும் தெரியவில்லை. உப்பு உப்பாகத்தான் இருந்தது. "உன் நாக்க அறுத்து கண்ணாடிப் பொட்டில வெச்சு ஆராய்ச்சி பண்ணணும்," என்றேன். சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் அவளும் மாமாவும்தான். மாமா லாரி ஓட்டியவர். ஆயுசில் பாதியை ரோட்டோரக் கடைகளில் சாப்பிட்டே கழித்தவர், உப்பும் உறைப்புமாகச் சாப்பிட்டு வளர்ந்த நாக்கு அவருடையது. சர்க்கரையும் கொதிப்பும் சேர்ந்து அவர் சிறுநீரகத்தை அரித்துவிட்டன. வண்டியை விட்டு இறங்கி வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். சாயந்திரமானால் கால் வீங்கிக்கொள்ளும். உப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவமனையில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். சொன்னால் சொன்னபடி செய்கிறவள் அக்கா. அன்றிலிருந்து அவர்கள் வீட்டுச் சமையல் சப்பென்று ஆகிவிட்டது.

மாமா சாப்பிட மறுத்தார். சண்டை போட்டாலாவது பரவாயில்லை. அந்த ஆள் கேலி பேசியே தட்டைத் தள்ளிவிடுவார்.

"இத கொண்டுபோய் மாட்டுக்கு வெச்சுப் பாரு. என்ன பாவம் பண்ணினேன்னு மாடு உன்னக் கேக்கும்."

"டாக்டரு சொல்லியிருக்காருங்க."

"அவரு வீட்ல என்ன சமைக்கிறாங்கன்னு கேட்டுட்டு வா. அதயே எனக்கும் குடு."

ஒரு முறை நான் போயிருந்தபோது கதவைத் திறந்தவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து உருண்டிருந்த தோள்கள் இரண்டும் சட்டைக்குள் தொங்கின. அக்கா அடுப்படியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஊருக்கெல்லாம் வழிச்சு சாப்பிடுங்கன்னு சொல்றேன். என் வீட்டுத் தட்டு அப்படியே திரும்பி வருதுடி," என்றாள். நோய் அவரைக் கொல்வதற்கு முன்னால் பட்டினி கொன்றுவிடும் என்று பயந்தாள். வேலைக்கு வந்தாலும் நினைப்பெல்லாம் அந்தத் தட்டிலேயே இருந்தது.

சாப்பாட்டுக்கூடத்தில் நீலப் பந்திக்காரர்கள் நாளுக்கு நாள் தெளிந்தார்கள். மாத்திரையைக் குறைத்துவிட்டார்கள் என்று ஒருவர் சொல்வார். தலைசுற்றல் நின்றுவிட்டது என்று இன்னொருவர் சொல்வார். நீதிபதியும் நீலப் பந்திதான், மாடிப்படி ஏறுகிறாராம். அக்கா இதையெல்லாம் கேட்டுக்கொண்டே பரிமாறினாள். இதே மனிதர்கள் சப்புக் கொட்டிச் சாப்பிடவும் செய்தார்கள். உப்பும் குறைகிறது, ருசியும் போகவில்லை. இதை விட்டால் மாமாவுக்கு வேறு என்ன வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதில் எந்தத் தப்பும் எனக்குத் தெரியவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பேன்.

டப்பாவின் அடியில் தங்குகிற உப்பைப் புது உப்போடு கலக்கக் கூடாது, கொட்டிவிட வேண்டும் என்பது விதி. குப்பைக்குப் போகிற அந்த உப்பை அக்கா ஒரு ஊறுகாய்ப் பாட்டிலில் வழித்துப் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனாள். திருட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அவளுக்கு அது திருட்டாகத்தான் பட்டிருக்கிறது. என்னிடம்கூட மூச்சு விடவில்லை.

எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் முகம் மாறியதுதான். "இப்பல்லாம் சாப்பிடறாருடி. ரெண்டாவது தடவ கேட்டு வாங்கறாரு," என்றாள். கைப்பக்குவத்தை மாற்றிவிட்டாயா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். மாமா சட்டைப் பொத்தான்களைச் சரியாகப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை நடந்து போக ஆரம்பித்தார். பழைய டிரைவர்கள் கூடுகிற டீக்கடையில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசினார். கட்டிக்கொண்ட காலத்திலிருந்து அத்தனை நிம்மதியாக அவள் இருந்து நான் பார்த்ததில்லை.

பிறகு மாமா குளியலறையில் விழுந்தார். கால்கள் துணியாகத் துவண்டுவிட்டன என்று அக்கா சொன்னாள். மருத்துவமனையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு அவசரமாக ஊசி மேல் ஊசி போட்டார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிட்டது, இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தால் இதயம் நின்றிருக்கும் என்றார் அங்கே இருந்த இளம் டாக்டர். அன்றைக்கு நானும் கூட இருந்தேன்.

"வாழைப்பழம், ஆரஞ்சு ஜூஸ் ஏதாவது குடுத்தீங்களா?"

"இல்லீங்க டாக்டர்."

"நாட்டு மருந்து, டானிக்கு?"

"எதுவும் குடுக்கலீங்க."

"உப்பு?"

"கொறச்சுதான் போடறேன். நீங்க சொன்னதுலேர்ந்து கொறச்சுதான்."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. காய்களில் இந்தப் பொட்டாசியம் நிறைய இருக்கும் என்றும், நறுக்கி வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும் என்றும், உருளைக்கிழங்காக இருந்தால் இரண்டு தடவை கொட்ட வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். அக்கா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

சொன்னபடியே செய்தாள். உருளைக்கிழங்கைப் பொடியாக நறுக்கி, வேகவைத்து, வடித்து, மறுபடி தண்ணீர் ஊற்றி வேகவைத்து வடித்தாள். அப்படி வேகவைத்த கிழங்கில் என்ன ருசி இருக்கும்? மாமா ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினார். ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பிய உடம்பு, தெம்பே இல்லை. அக்கா ஊறுகாய்ப் பாட்டிலை எடுத்தாள்.

அடுத்த முறை மாமாவை மருத்துவமனைக்குக் கொண்டுபோகிற வேலையே இல்லாமல் போயிற்று. சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சிறுநீரக நோயாளி, ஏற்கெனவே ஒரு முறை விழுந்தவர். யாருக்கும் எந்தக் கேள்வியும் எழவில்லை. வந்தவர்கள் எல்லோரும் அக்கா அவரை எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்றுதான் பேசினார்கள்.

காரியமெல்லாம் முடிந்து அக்கா வேலைக்குத் திரும்பினாள். வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றாள். பந்தி நடந்தது, தட்டுகள் வந்தன, தராசு ஓடியது. கடைசியில் ஆராய்ச்சியும் முடிந்தது. அன்றைக்கு மத்தியானம் டாக்டரம்மா கையில் இனிப்புப் பெட்டியோடு சமையல்கூடத்துக்கே வந்தார். அதற்கு முன் அவர் அங்கே கால் வைத்ததில்லை.

"ரிசல்ட் ரொம்ப நல்லா வந்திருக்கு. புது உப்பு சாப்பிட்டவங்களுக்குக் கொதிப்பு நல்லா கொறஞ்சிருக்கு. உங்க சமையல் இல்லன்னா இது நடந்திருக்காது," என்றார்.

எல்லோரும் கை தட்டினோம். அக்காவும் தட்டினாள். பிறகு ஒரு தட்டைத் தராசில் வைத்துக்கொண்டே கேட்டாள், "இவ்ளோ நல்லதா இருக்கே, அன்னைக்கு ஆள் எடுக்கும்போது கொஞ்சம் பேர ரத்தம் எடுத்துப் பாத்துட்டு திருப்பி அனுப்பினீங்களே. பாவம், அவங்களுக்கு ஏன் குடுக்கல?"

எனக்கும் அவர்களை நினைவிருந்தது. ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு வந்தவர்கள். தேர்வாகாமல் போகிறார்களே என்று அக்காதான் உட்காரவைத்து ரொட்டியும் டீயும் கொடுத்து அனுப்பினாள். அதில் ஒருவருக்குச் செருப்புக்குள் அடங்காத அளவுக்குக் கால் வீங்கியிருந்தது. கொடுத்துவைக்கவில்லை என்று அவரைப் பார்த்து அக்கா உச்சுக் கொட்டினாள்.

டாக்டரம்மா நல்ல உற்சாகத்தில் இருந்தார், பொறுமையாகவே சொன்னார்.

"அவங்களுக்கெல்லாம் கிட்னி சரியில்லம்மா. இந்த உப்புல கலந்திருக்கிறது பொட்டாசியம். நமக்கெல்லாம் அது நல்லது, மிஞ்சினா யூரின்ல போயிடும். கிட்னி கெட்டவங்களுக்குப் போகாது. ரத்தத்துலயே சேந்து ஹார்ட்ட நிறுத்திடும். அதனாலதான் ஜாக்கிரதையா அவங்கள ஒதுக்கினோம்."

"அப்படியா," என்றாள் அக்கா.

"அவங்களுக்கு இத குடுத்தா கொலைதான்," என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா பெட்டியைத் திறந்து நீட்டினார். அக்கா ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள். தராசில் முள் அசையாமல் நின்றிருந்தது, அவள் கை தட்டை விட்டு வரவே இல்லை. எனக்கு மருத்துவமனையும் அந்த இளம் டாக்டரும் அவர் சொன்ன பெயரும் ஞாபகத்துக்கு வந்தன. ஆனால் எதை எதோடு சேர்ப்பது என்று தெரியவில்லை. ஊறுகாய்ப் பாட்டிலைப் பற்றி எனக்கு அதுவரை தெரியாதே.

எல்லோரும் கலைந்த பிறகு பின்வாசல் படியில் உட்கார்ந்து அக்கா எனக்கு முழுவதையும் சொன்னாள். அழவில்லை. இனிப்புத் துண்டு கையிலேயே பிசுபிசுத்துக் கிடந்தது. நான்தான் குதித்தேன். போய் அந்த அம்மாளை நாலு கேள்வி கேட்கிறேன், ஆரம்பத்திலேயே எங்களிடம் ஒரு வார்த்தை சொல்ல என்ன கேடு என்று கேட்கிறேன் என்று எழுந்தேன். அக்கா என் புடவையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"அவங்க என்ன பண்ணுவாங்க? ஆகாதவங்கள வாசல்லயே பாத்து அனுப்பிட்டாங்க. அவங்களுக்கு நாந்தான டீ போட்டுக் குடுத்தேன்?"

"தெரிஞ்சா செஞ்ச? நீ என்ன வேணும்னா செஞ்ச?"

சாப்பாட்டுக்கூடத்தில் யாரோ நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் கையிலிருந்த இனிப்பை வாங்கி வைத்துவிட்டு, என் புடவைத் தலைப்பால் அவள் உள்ளங்கையைத் துடைத்தேன்.

"அன்னைக்கு அந்தக் கிழங்க அவரு மூணாவது தடவ கேட்டு வாங்கினாருடி," என்றாள் அக்கா. "கழுவ எடுத்தேன், தட்டுல ஒரு பருக்க இல்ல. வழிச்சு சாப்பிட்டிருந்தாரு. எனக்கு எவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா."