முசஃபாவில் போட்ட வரிக்கணக்கு

வெயிலுக்குப் பயந்து, டாக்ஸி வரும்வரை வளைகுடாவில், முசஃபா தொழிற்பேட்டையின் ஒரு மளிகைக் கடைக்குள் நிற்கிறேன். பக்கத்தில் வெல்டிங் கறை படிந்த நீலச் சீருடையில் ஒருவர். அரியலூர்ப் பக்கமாம், நாளைக்கு லீவில் ஊருக்குப் போகிறார். கூடையில் பால் பவுடர், பாதாம், தைலம், தனக்கென்று ஒரு சென்ட் பாட்டில்.

"சார், கையில நூறு திர்ஹாம்தான் இருக்கு. பத்துமான்னு பாருங்க."

ஒட்டியிருக்கும் விலைகளைக் கூட்டினால் தொண்ணூற்றெட்டு. நான் சிகாகோவில் குடியிருப்பவன். அங்கே மாநிலம், கவுன்டி, நகரம் என்று ஆளாளுக்கு ஒரு வரியைக் கல்லாவில்தான் ஏற்றுவார்கள். அந்தப் பழக்கத்தில் இங்குள்ள ஐந்து சதவீதத்தையும் சேர்த்து, "நூறைத் தாண்டுதுண்ணே" என்கிறேன். அவர் யோசிக்கவே இல்லை. சென்டை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைக்கிறார்.

கல்லாவில் இருக்கும் மலையாளி நிமிர்கிறார். "அண்ணே, அதை ஏன் வச்சீங்க? இங்க விலையிலயே டேக்ஸ் உண்டு. மேல ஒண்ணும் இல்ல."

எனக்குக் கூசுகிறது. அமெரிக்கப் பழக்கத்தில் வரியையும் கூட்டிவிட்டேன் என்கிறேன். அரியலூர்க்காரருக்கோ வேறு கவலை.

"அமெரிக்காவுல ஒட்டுன விலைக்குக் குடுக்க மாட்டாங்களா சார்?"

"மாட்டாங்க."

"பாவம் சார் நீங்க."

பணம் கட்டியதும் சென்டைப் பிரித்து என் சட்டையில் இரண்டு முறை அடிக்கிறார். "கணக்குப் பாத்துக் குடுத்தீங்கல்ல."

டாக்ஸியில் ஏறியதும் பாகிஸ்தானி ஓட்டுநர் அந்த வாசனையைப் பிடித்துவிட்டு, லீவில் ஊருக்கா என்று இந்தியில் கேட்கிறார். ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.