யுவஸ்ரீ குறித்த தேதி

ஒரகடத்தில் வண்டிகளுக்கு பிரேக் ஹோஸ் என்னும் ரப்பர் குழாய் செய்யும் ஒரு கம்பெனியில் யுவஸ்ரீயின் பெயரைச் சொன்னால் இரண்டு விதமான பதில் வரும். குவாலிட்டி ஆட்கள் "கெட்டிக்காரப் பொண்ணு" என்பார்கள். புரொடக்‌ஷன் ஆட்கள் "ஐயோ, அதுவா!" என்று தலையில் கை வைத்துக்கொள்வார்கள். ஒரே குணத்துக்குத்தான் இரண்டு பட்டமும். ஒரு ஹோஸ் கசிகிறது என்று ஒதுக்கிவிட்டால், ஏன் கசிந்தது என்று தெரியும்வரை அவள் அந்த இடத்தை விட்டு நகரமாட்டாள். ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ் ஹாரன் அடித்தாலும் சரி, சூப்பர்வைசர் ஜெபகுமார் வந்து கெஞ்சினாலும் சரி.

தண்டலத்துப் பெண். டிப்ளமோ முடித்த கையோடு டிரெய்னியாகச் சேர்ந்து, எட்டு வருஷத்தில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் சீனியர் ஆனாள். பக்கத்துக் கம்பெனியில் வேலை செய்யும் பிரசாந்தைக் கட்டிக்கொண்டு மணிமங்கலத்துக்குக் குடிவந்தாள். மாடியில் இவர்கள், கீழே பிரசாந்தின் அக்கா கலைமணி. யுவஸ்ரீக்கு அம்மா இல்லாததால் பிள்ளைப்பேறு பார்த்ததெல்லாம் கலைமணிதான். பத்தியச் சமையலில் அவளை அடித்துக்கொள்ள அந்தத் தெருவில் ஆள் கிடையாது. அதை அவளே தினம் நாலு பேரிடம் சொல்லிவிடுவாள், நாம் சிரமப்பட வேண்டியதில்லை.

ஸ்ரீபெரும்புதூர் கோயிலில் வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளை என்பதால் யதிராஜ் என்று பெயர் வைத்தார்கள். இரண்டு மாசம் வரை ஒரு குறையும் இல்லை. அப்புறம் கன்னம் இரண்டும் சிவந்து சொரசொரவென்று ஆயின. ஒருநாள் காலையில் துணி மாற்றும்போது மலத்தில் சளியும் நூல் நூலாக ரத்தமும் இருந்தன. யுவஸ்ரீ குழந்தையையும் துணியையும் தூக்கிக்கொண்டு படப்பைக்கு ஓடினாள்.

குழந்தை டாக்டர் ரஞ்சனி நிதானமான மனுஷி. "தாய்க்கு ஒத்துக்கிற சாப்பாடு பிள்ளைக்கு ஒத்துக்காம போறது உண்டும்மா. நீங்க சாப்பிடறதுல இருக்கிற புரதம் கொஞ்சம் பால் வழியா அவனுக்குப் போகுது. அவன் குடல் அதோட சண்டை போடுது" என்றார். முதலில் பசும்பால் போனது, கூடவே டீயும் தயிரும். அடுத்து முட்டை. அதற்கடுத்து வேர்க்கடலை, சோயா, கோதுமை. ஒவ்வொன்றாக நிறுத்த நிறுத்தக் கன்னம் தெளிந்தது. யுவஸ்ரீதான் இளைத்துப் போனாள்.

அவள் சும்மா இளைக்கவில்லை, எழுதிக்கொண்டே இளைத்தாள். ஒரு நீள நோட்டில் இடது பக்கம் தான் சாப்பிட்டது, வலது பக்கம் பிள்ளை வெளியேற்றியது. நேரம், நிறம், எல்லாம் உண்டு. ரத்தம் கண்ட நாளைச் சிவப்பு மையில் வட்டமிடுவாள்.

"இன்னா யுவா இது, வூட்டுல ஆடிட் நடக்குதா?" என்று பிரசாந்த் சிரித்தான்.

"சிரிக்காதீங்க. புடவலங்கா தின்னா எழுதணும், புளி சேர்த்தா எழுதணும். அப்பதான் எதுல கோளாறுன்னு தெரியும்."

எழுபது நாள் எழுதியும் தெரியவில்லை. நாலைந்து நாள் துணி சுத்தமாக இருக்கும். இனிக் கவலையில்லை என்று நினைக்கும்போது மறுபடி ரத்தம். ஐந்து மாசம் முடிந்த அன்று தராசில் படுக்க வைத்தபோது ஐந்து கிலோ தொள்ளாயிரம் காட்டியது. போன மாசமும் அதேதான்.

டாக்டர் இந்தத் தடவை சுற்றி வளைக்கவில்லை. "ரெண்டு வழி இருக்கு யுவஸ்ரீ. தாய்ப்பாலை நிறுத்திட்டு, இந்த மாதிரிக் குழந்தைகளுக்குன்னே இருக்கிற பால்பவுடருக்கு மாறலாம். இல்லன்னா உங்க சாப்பாட்டுல இன்னும் எது இடிக்குதுன்னு கண்டுபிடிக்கணும். நிறுத்தறதுல ஒரு தப்பும் இல்ல, அதை மனசுல வெச்சுக்குங்க. ஆனா எடை ஏறாம ரொம்ப நாள் விட முடியாது. ரெண்டு வாரம் பார்ப்போம்."

கேட்காமலேயே தீர்ப்புச் சொல்ல மணிமங்கலத்தில் ஆளுக்கா பஞ்சம்? எதிர்வீட்டுச் சந்திரம்மாள், "தாய்ப்பால நிறுத்துவாங்களா? அடுக்குமா?" என்றாள். அதே வாயால் அடுத்த வாரம், "உன் பாலு புள்ளைக்கு ஆவலம்மா, வுட்டுடு" என்றாள். யுவஸ்ரீ இரண்டுக்கும் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். ஊர் வாய்க்கெல்லாம் அவள் பயந்தவள் இல்லை. அவளுக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்று. மடியில் கிடந்து குடிக்கும்போது யதி நடுவில் வாயை எடுத்து, கடைவாயில் பால் ஒழுக அவளைப் பார்த்துச் சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம், இவன் வயிற்றைக் கெடுப்பது நான்தானோ என்று நினைத்துக்கொள்வாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, நோட்டிலும் எழுதியதில்லை.

கலங்கிக்கொண்டே உட்கார்ந்திருக்கிற ஜாதியா அவள்? வீட்டுக்கு வந்ததும் காலண்டரில் இருபத்திரண்டாம் தேதியைச் சுற்றி வட்டம் போட்டாள். பவுடர் டின் ஒன்றை வாங்கி வரச்சொல்லி அலமாரியில் வைத்தாள்.

"அன்னிக்கு எடை ஏறியிருந்தா தொடர்ந்து குடுப்பேன். ஏறலன்னா அன்னிக்கே நிறுத்திடுவேன். அப்புறம் இழுத்துக்கினு இருக்கமாட்டேன்" என்றாள்.

"அழமாட்டியா?" என்றான் பிரசாந்த்.

"அழுவேன். அழுதுக்கினே நிறுத்துவேன்."

மூன்றாம் நாளே ரத்தம் வந்துவிட்டது. செய்தி கீழே எட்டிய கால்மணி நேரத்தில் கலைமணி டம்ளரோடு மாடியேறினாள். கட்டிப் பெருங்காயத்தை வெந்நீரில் கரைத்த தண்ணீர். குழந்தைக்கு வயிறு சரியில்லை என்றால் தாய்க்குப் பெருங்காயம் கொடுக்க வேண்டும், அது பாலோடு இறங்கிப் பிள்ளையின் வயிற்றை ஆற்றும் என்பது அவள் கட்சி. ரசத்திலும் குழம்பிலும் கொட்டுவது போதாதென்று, ரத்தம் கண்ட நாளெல்லாம் மூன்று வேளையும் இந்த டம்ளர் வரும்.

"மூச்சு வுடாம குடி. நாலு நாள்ல சரியாப்பூடும் பாரு" என்றாள். யுவஸ்ரீ மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள்.

ஐந்தாம் நாள் முற்பகலில் ஜெபகுமார் போன் செய்தார்.

"எப்பம்மா ஜாயின் பண்ற?"

"ஒண்ணாம் தேதி சார். லீவு அன்னியோட முடியுது."

"சீக்கிரம் வா தாயி. ஒரு வாரமா லீக் ரிஜெக்‌ஷன். ரப்பர் லாட்டை மாத்திட்டோம், மெஷின் செட்டிங் பார்த்துட்டோம், ஆபரேட்டரையே மாத்திட்டோம். ஒண்ணும் வேலைக்காவல."

"ஹோஸ் முனையில தடவற ஆயிலு?"

"அதுக்கென்ன?"

"அது பழைய கேன்தானா சார்?"

எதிர்முனையில் யாரையோ கூப்பிட்டுக் கேட்கும் சத்தம். "வேற கேன்தான் வந்திருக்குதாம். ஏம்மா, உனக்கு எப்படித் தெரியும்?"

"ஹோஸ்ல சேர்ற பாகமா இருந்தா உள்ள வரும்போதே செக் பண்ணுவோம் சார். ஆயில் பாகம் இல்லையே, அதை யாரு பார்ப்பா? லிஸ்ட்டுலயே இருக்காது."

போனை வைத்தபோது அவள் முகத்தில் பழைய கர்வம் வந்து உட்கார்ந்திருந்தது. ஆறு மாசமாக லைனைக் கண்ணால் பார்க்காதவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கோளாறைச் சொல்லிவிட்டாளே. இரண்டு நிமிஷம் அந்தச் சுகத்தில் இருந்தாள். பிறகுதான் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது. லிஸ்ட்டிலேயே இருக்காது.

நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். அரிசி இருந்தது. முருங்கைக்கீரை, பூண்டு, புளி இருந்தன. உப்பைக்கூட ஓரிடத்தில் எழுதியிருந்தாள். பெருங்காயம் ஒரு பக்கத்திலும் இல்லை. பெருங்காயத்தை யார் சாப்பாடு என்று எண்ணுகிறார்கள்? டம்ளரோ மருந்துக் கணக்கில் போய்விட்டது. ரத்தம் வந்தால் பெருங்காயத் தண்ணீர், அது குடித்த நாலைந்து நாளில் மறுபடி ரத்தம். சிவப்பு வட்டங்கள் வரிசையாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன.

மாடிப்படியை எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. கலைமணியின் அடுக்களையில் பெருங்காயப் பெட்டியை எடுத்து, எறும்பளவு எழுத்தில் இருந்ததை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். கோந்து, மைதா, பெருங்காயம். மைதா என்றால் கோதுமைதானே. வீட்டில் சப்பாத்தியை நிறுத்தி இரண்டு மாசம் ஆகிறது.

"இன்னாத்துக்கு அந்தப் பொட்டிய மொறைச்சிக்கினு நிக்கிற?" என்றாள் கலைமணி, முருங்கைக்கீரை ஆய்ந்தபடி.

"அண்ணி, இதுல கோதும மாவு கலந்திருக்குது."

"பெருங்காயத்துல எப்படிம்மா கோதும வரும்? நான் இன்னா பூரியா சுட்டுக் குடுத்தேன்?"

யுவஸ்ரீ எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டினாள். உள்ளே கோபம் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். எழுபது நாள் டீ இல்லாமல், தயிர் இல்லாமல், பிறந்தநாளுக்குக் கேக் இல்லாமல் இருந்தவள். ஆனால் கலைமணியின் கையிலிருந்த கீரை முறத்தில் நழுவி விழுந்தது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

"அப்ப நானா குடுத்தேன்? இந்தக் கையாலயா? புள்ளைக்கு நல்லதாவட்டும்னு மூணு வேளையும்..." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணி, இங்க பாருங்க. எங்க லைன்ல ஆள் மேல பழி போடமாட்டோம், தப்பு எங்க நுழைஞ்சுதுன்னுதான் பார்ப்போம். நீங்க குடுத்தீங்க, சரி. குடிச்சது யாரு? நோட்டு போட்டு எழுதினவ நானே அதை எழுதல. அதுவும் இன்னும் சந்தேகம்தான், பார்த்துத்தான் முடிவு பண்ணணும்."

கலைமணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். "இன்னிலேர்ந்து மிளகு வேணாம், பூண்டு வேணாம், மஞ்சாகூட வேணாம். வெறுங் கஞ்சி குடி. சாமி சத்தியமா ஒண்ணும் போடமாட்டேன்."

"ஐயோ, அதெல்லாம் செய்யாதீங்க! பெருங்காயம் ஒண்ணு மட்டும் நிக்கட்டும். மத்ததெல்லாம் நேத்து மாதிரியே இருக்கணும். எல்லாத்தையும் மாத்தினா எதனால சரியாச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியாது."

டாக்டருக்குப் போன் போட்டுச் சொன்னாள். "நல்ல சந்தேகம், நிறுத்திப் பாருங்க. ஆனா இருபத்திரண்டாம் தேதி மாறாது" என்றார் அவர். மாற்ற வேண்டும் என்று யுவஸ்ரீயும் கேட்கவில்லை.

பெருங்காயம் இல்லாத முதல் ரசத்தைக் கலைமணி தானும் ஒரு வாய் குடித்துப் பார்த்து, "கை கழுவின தண்ணி தேவல" என்று முகம் சுளித்தாள். ஆனால் அன்றிலிருந்து கீழ்வீட்டிலும் அதே ரசம்தான்.

முதல் மூன்று நாள் பலன் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் ரத்தம் வேறு கூடுதலாகத் தெரிந்தது. பிரசாந்த் அலமாரியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "டின்ன ஒடைச்சிடலாமா?"

"ஏற்கெனவே உள்ள போனது வெளிய போவ நாள் புடிக்கும். தேதி வரட்டும்" என்றாள். குரல் ஆடாமல்தான் சொன்னாள். சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

நாலாம் நாள் துணி சுத்தமாக இருந்தது. ஐந்தாம் நாளும் சுத்தம். ஆறாம் நாள் கலைமணி தானே துணியை வாங்கி ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். அதற்குமுன் இந்த அளவு சுத்தம் பலமுறை வந்து ஏமாற்றியிருக்கிறது, அதனால் யாரும் வாய்விட்டுச் சந்தோஷப்படவில்லை. ஏழு, எட்டு, ஒன்பது என்று நாட்கள் போயின. யதி குடித்துவிட்டு முதுகை வளைத்துக் கத்துவதும் நின்றிருந்தது.

இருபத்திரண்டாம் தேதி மூன்று பேருமாகப் படப்பைக்குப் போனார்கள். பிரசாந்த் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தான். பையில் டின்னும் பாட்டிலும் இருந்தன, யுவஸ்ரீதான் எடுத்து வைத்தாள். ஏறவில்லை என்றால் முதல் பாட்டிலை டாக்டர் கண்முன்னாலேயே கொடுத்துவிடுவது என்று முடிவு. வீட்டுக்கு எடுத்துப் போனால் மனசு மாறிவிடும் என்று தன்னைப் பற்றி அவளுக்கே தெரியும்.

யதியைத் தராசில் படுக்க வைத்தார்கள். அவன் காலை உதைத்துக்கொண்டே இருந்ததால் எண் நிற்காமல் ஓடியது. கலைமணி கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்தாள். "இன்னா காட்டுது? யாராவது சொல்லுங்களேன்!" என்று தவித்தாள்.

"ஆறு கிலோ நூத்தெண்பது" என்றார் டாக்டர். "ரெண்டு வாரத்துல இருநூத்தெண்பது கிராம். போதும்மா, தாராளமாப் போதும்."

கலைமணி அங்கேயே பொலபொலவென்று அழுதாள். பிரசாந்த் டின் இருந்த பையை மெல்ல நாற்காலிக்கு அடியில் தள்ளினான்.

"பாலும் முட்டையும் கோதுமையும் ஒரு வயசு வரைக்கும் கிட்ட வரக்கூடாது. அப்புறம் என் முன்னாடிதான் கொஞ்சம் கொஞ்சமா குடுத்துப் பார்க்கணும்" என்ற டாக்டர், யுவஸ்ரீயைப் பார்த்துப் புன்னகைத்தார். "ஒண்ணாம் தேதி வேலைக்குப் போறீங்களே, என்ன பண்றதா உத்தேசம்?"

"காலைல குடுத்துட்டுப் போவேன் மேடம். பத்து மணிக்கும் ரெண்டு மணிக்கும் மெடிக்கல் ரூம்ல பாலை எடுத்து வெச்சுக்குவேன். பேசி வெச்சுட்டேன். அண்ணி பார்த்துக்குவாங்க."

"அப்போ எப்பதான் நிறுத்தப்போறீங்க? அதுக்கும் ஒரு தேதி போட்டிருப்பீங்களே!"

தராசிலிருந்து தூக்கியதும் யதி அம்மாவின் ரவிக்கையைப் பிடித்து இழுத்து அழத் தொடங்கியிருந்தான். யுவஸ்ரீ நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இனிமே தேதிய இவன் போடட்டும் மேடம். போதும்னு இவன் சொல்ற அன்னிக்கு நிறுத்தறேன்."

நடுவில் வாயை எடுத்து, கடைவாயில் பால் ஒழுக யதி சிரித்தான். மூன்று மாசத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் பயமில்லாமல் திருப்பிச் சிரித்தாள்.