அண்ணனுக்காகப் பேசாதிருந்த பதினொரு நாள்

மதிப்பிற்குரிய மருத்துவர் அம்மா அவர்களுக்கு வணக்கம்.

சென்ற திங்கட்கிழமை என் மகனும் மருமகளும் என் பேரனைத் தங்களிடம் அழைத்து வந்தபோது நானும் உடன் வந்திருந்தேன். சன்னலோரத்தில் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தவள் நான்தான். தாங்கள் குழந்தையை நெடுநேரம் பார்த்துவிட்டு, இது ஆட்டிசம் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னீர்கள். பிறகு ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "உங்க ரெண்டு பேர் குடும்பத்துலயும் யாராச்சும் இப்படி இருந்திருக்காங்களா?" என்று கேட்டீர்கள். தன் பக்கத்தில் யாரும் இல்லை என்றாள் மருமகள். மகன் என் முகத்தைப் பார்த்தான். "எங்க பக்கத்துலயும் யாரும் இல்லீங்க" என்றேன் நான்.

நான் சொன்னது பொய்.

இது ஏன் வருகிறது என்று மருமகள் கேட்டதற்குத் தாங்கள் சொன்ன விடை எனக்கு மனப்பாடமாக இருக்கிறது. "பரம்பரைக்கு இதுல பெரிய பங்கு இருக்கும்மா. ஆனா இதுதான் காரணம்னு ஒண்ணைக் கைகாட்டிச் சொல்ல முடியாது. நீங்க வளத்த விதத்தால வந்தது இல்ல, அதை மட்டும் மனசுல வச்சுக்குங்க." அவள் தலையசைத்தாள். ஆனால் எங்கள் உறவினர் இதற்கு முன்பே தீர்ப்பு எழுதிவிட்டனர். கைப்பேசியைக் கையில் கொடுத்துக் கெடுத்தாள் என்கிறார் ஒருவர். தடுப்பூசி போட்ட மறுவாரம்தானே பேச்சு நின்றது என்கிறார் இன்னொருவர். அவள் பக்கத்து வம்சத்தில் ஏதோ இருக்கிறது என்கிறார் மூன்றாமவர். நான் சொன்ன 'இல்லை' அந்த மூன்றாமவருக்குச் சாட்சி சொன்னது போலாயிற்று.

எங்கள் பக்கத்தில் ஒருவன் இருந்தான். அவன் என் உடன்பிறந்த அண்ணன். தனக்கு ஒரு தாய்மாமன் இருந்தான் என்பதே என் மகனுக்கு இதுவரை தெரியாது.

திருக்காட்டுப்பள்ளிக்கு மூன்று கல் தொலைவில், காவிரியிலிருந்து பிரியும் வாய்க்காலை நம்பி நெல் விளைந்த ஊர் எங்களுடையது. நான் சொல்லப்போவது நடந்தபோது அக்காவுக்குப் பதினெட்டு வயது, அண்ணனுக்குப் பத்து, எனக்கு எட்டு. அண்ணன் பேசமாட்டான். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பமாட்டான். கோயில் மேளம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு சுவரில் முட்டுவான். புதுச் சட்டை போட்டால் கிழித்துவிட்டுத்தான் மறுவேலை. ஆனால் நெல் கொட்டி வைக்கும் பத்தாய அறைக்குள் விட்டுவிட்டால், முழங்கை வரை இரு கைகளையும் நெல்லுக்குள் புதைத்துக்கொண்டு, அரவை மில்லின் ஓசையை வாயால் முனகியபடி அரைநாள் நிற்பான். அப்போது அவன் முகத்தில் இருந்த நிறைவை நான் வேறு எவர் முகத்திலும் கண்டதில்லை.

அவன் ஏன் இப்படியானான் என்பதில் எங்கள் வீட்டாருக்கு ஐயமே இருந்ததில்லை. ஒன்றரை வயதில் அவன் அம்மா, அக்கா, காக்கா, பால் என்று ஏழெட்டுச் சொற்கள் பேசியிருக்கிறான். அம்மா என்னைக் கருவுற்ற மாதங்களில் அவை ஒவ்வொன்றாக நின்றுபோயின. அப்பாவின் தமக்கையாகிய அத்தை, கணவரை இழந்து எங்களோடு இருந்தார். வீட்டுக்கு வருவோரிடமெல்லாம் அவர் இதை விளக்குவார்.

"இவ வயித்துல தங்கினா, அவன் வாய் அடங்கிடுச்சு. அவன் பேச்சையெல்லாம் இவ வாரிச் சுருட்டிக்கிட்டா. பாருங்களேன், ரெண்டு பேருக்கும் சேத்துல்ல பேசுறா!"

நான் ஓயாமல் பேசுகிறவள். ஆகையால் வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் உடன் சிரிப்பேன். ஆனால் அண்ணனின் பேச்சு என் வாய்க்குள் இருக்கிறது என்பதை, பல் இருப்பதை நம்புவது போல நம்பியிருந்தேன்.

சம்பா அறுவடை முடிந்து பத்தாயம் நிறைந்திருந்த மாசி மாதத்தில், அக்காவைப் பெண் பார்க்கத் திருவிடைமருதூரிலிருந்து வருவதாகச் செய்தி வந்தது. முந்திய நாள் அப்பா என்னை அழைத்து முன்னால் நிறுத்திக்கொண்டார்.

"கூடப் பொறந்தவங்க எத்தனை பேருன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவே?"

"மூணு பேரு."

"இல்ல. அக்காவும் நானும்னு சொல்லணும்."

"அண்ணன்?"

"அவன் பேசுறப்ப அவனையும் சேத்துச் சொல்லிக்கலாம்" என்றார் அப்பா.

அன்று மாலையே நான் முடிவு செய்துவிட்டேன். விடிந்ததிலிருந்து நான் வாய் திறக்காவிட்டால் பேச்சு அண்ணனிடம் திரும்பிவிடும். அவர்கள் வருவதற்குள் அவன் பேசிவிட்டால், அவனும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கூடத்தில் உட்காரலாம். சட்டையைக் கிழிப்பானே என்பது மட்டும் எனக்குக் கவலையாக இருந்தது.

மறுநாள் காலை முழுதும் நான் பேசவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை. "இன்னிக்குத்தான் இவ சமத்தா இருக்கா" என்று அத்தை மெச்சினார். அண்ணனைப் பத்தாய அறையில் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். வாடகைக் காரில் ஏழு பேர் வந்து இறங்கினார்கள். அக்கா வணங்கிவிட்டு உள்ளே சென்றாள். எல்லாம் நல்லபடியாக நடந்துகொண்டிருந்த வேளையில், மாப்பிள்ளையின் தாயார் என்னைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"வாடி கண்ணு, உன் பேரென்ன?"

நான் பேசவில்லை.

"கூச்சம்ங்க" என்றார் அத்தை.

"பேரைச் சொல்றதுக்கு என்ன கூச்சம்? எத்தனாம் வகுப்பு படிக்கிறே? அதையாச்சும் சொல்லு."

நான் அவருடைய மூக்குத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா, "சொல்லும்மா" என்றார். இரண்டாம் முறை சொன்னபோது அவர் குரல் மாறியது. அந்த அம்மாள் என் தலைக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்ப் பட்டென்று தட்டினார். நான் திரும்பிப் பார்த்தேன்.

"காது நல்லாத்தான் கேக்குது" என்று அவர் தம் தம்பியிடம் சொன்னார். "பேச்சுதான் இல்ல போலிருக்கு."

"ஐயோ, ஊரையே வித்துடுவாங்க இவ, அவ்வளவு பேசுவா" என்று அப்பா சிரிக்க முயன்றார். அவர்கள் சிரிக்கவில்லை. இன்னும் ஒரு கரண்டி கேசரி வைக்கப் போனபோது, "போதும் போதும்" என்று இலையை மறைத்துக்கொண்டார்கள். ஊருக்குப் போய்க் கடிதம் எழுதுவதாகச் சொல்லிவிட்டுச் சென்றார்கள். அந்தக் கடிதம் வரவே இல்லை. மறைத்து வைக்க வேண்டியவனைக் கச்சிதமாக மறைத்த வீட்டில், என்னால் சம்பந்தம் கெட்டது.

ஆனால் அன்றைக்கு என் நெஞ்சில் நிறைந்திருந்தது மகிழ்ச்சியே. ஏனெனில் கார் புறப்பட்டதும் நான் ஓடிப்போய்ப் பத்தாய அறையின் கதவைத் திறந்தேன். அண்ணன் நெல்லுக்குள் கையை விட்டபடி, விருந்தினர் சொன்ன அதே ராகத்தில், "போதும் போதும்" என்றான். எட்டு ஆண்டுகளில் அவன் பேசிய முதற்சொல் அது. கேட்டதைக் கேட்டபடி திருப்பிச் சொல்வதும் இக்குழந்தைகளின் இயல்பே என்று தாங்கள் சொல்லித்தான் இப்போது அறிந்தேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், பேச்சு திரும்பிக்கொண்டிருக்கிறது என்பதுதான். ஒரு நாளைக்கு ஒரு சொல் என்றால், இன்னும் பல நாள் நான் பொறுக்க வேண்டும். அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். அதற்குள் அவன் மில் ஓசைக்குத் திரும்பிவிட்டான். நடந்ததை வாயால் சொல்ல எனக்கு வழியில்லை.

பதினொரு நாள் நான் பேசவில்லை. பள்ளியில் 'உள்ளேன் ஐயா' சொல்லாததால், முதல் பலகையில் அமர்ந்தபடியே நான் வராதவள் ஆனேன். மூன்றாம் நாள் ஆசிரியர் ஆளனுப்பினார். ஐந்தாம் நாள் அப்பா அடித்தார். ஏழாம் நாள் வேப்பிலை அடித்தார்கள். அடுக்களையில் அத்தை சொல்லிக்கொண்டிருந்தார்:

"இவனையே பாத்துக்கிட்டு, இவன்கூடவே கெடந்தா ஒட்டாம என்ன செய்யும்? ஒட்டிக்கிச்சு. இன்னும் வச்சுக்கிட்டிருந்தா மூத்தவளுக்கும் வரும். அப்புறம் ஒருத்தியையும் கரையேத்த முடியாது."

"அது பிடிவாதம் அண்ணி. ரெண்டு நாள்ல பேசிடுவா" என்றாள் அம்மா.

"பெத்தவ வேற எப்படிச் சொல்லுவே?"

என்னிடம் எவரும் எதுவும் சொல்லவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை, அண்ணனைக் கோயிலுக்கு அழைத்துப் போவதாகச் சொல்லி மாட்டுவண்டி கட்டினார்கள். அவனை அழைத்துப் போகும் அப்பாவோடு அம்மாவும் அத்தையும் நானும் திருக்காட்டுப்பள்ளிப் பேருந்து நிலையம் வரை சென்றோம். அங்கேதான், அப்பா பேருந்தின் மேல் ஏற்றுவதற்குக் கொடுத்த மூட்டையைப் பார்த்தேன். அவிழ்ந்திருந்த முடிச்சு வழியே அண்ணனின் துணிகள் தெரிந்தன. மழைக்காலத்துக் கம்பளியும் தெரிந்தது. வேதாரண்யத்தில் உப்பளம் வைத்திருந்த பெரியப்பா ஒருவரின் பெயரை அப்பா நடத்துநரிடம் சொல்லி வழி கேட்டார். கோயிலுக்குப் போகிறவனுக்குக் கம்பளி எதற்கு என்று எட்டு வயதுக்கும் தெரியும்.

அண்ணன் சன்னலோரத்தில் அமர்ந்து பேருந்தின் இயந்திர ஓசையை ரசித்து, தானும் அதேபோல் முனகத் தொடங்கினான். நடத்துநர் விசில் ஊதினார். வண்டி நகர்ந்தது.

"அண்ணா!" என்று கத்தினேன். "அப்பா, அண்ணனை எறக்குங்க! அண்ணா!"

அண்ணன் திரும்பவில்லை. அப்பாதான் திரும்பினார். இருக்கையிலிருந்து பாதி எழுந்தார். என்னை உற்றுப் பார்த்தார். பிறகு, பெரும் பாரம் இறங்கியவரைப் போல மெல்ல உட்கார்ந்துகொண்டார்.

"பாத்தியா! பாத்தியா!" என்று அத்தை அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினார். "அவன் வண்டி ஏறினதும் இவ வாய் தெறந்துடுச்சு! நான் சொன்னேனா இல்லியா?"

அம்மா அதற்கு முன்பே பாய்ந்து வந்து என் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்தியிருந்தாள். மூச்சு முட்டும்படி பொத்தினாள். கடைத்தெருவில் ஆண்கள் நடுவே கத்தியதற்காகக் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். அன்று மாலை வீட்டில் அத்தை எனக்கு அதிரசம் கொடுத்து, பேசச் சொல்லிப் பேசச் சொல்லிக் கேட்டார். அண்ணனை வரச்சொல்லுங்கள் என்று அழுதுகொண்டே, பதினொரு நாள் பேச்சையும் சேர்த்துப் பேசினேன். அவன் பேச்சு என்னிடம் இருப்பதையும், அதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்ததையும் சொன்னேன். பேச்சு வந்துவிட்டது என்பதை மட்டுமே எல்லோரும் கேட்டார்கள். அம்மா அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை.

அண்ணன் பதினாறு ஆண்டுகள் அந்த உப்பளத்தில் இருந்தான். நான் அவனை இருமுறை பார்த்தேன். புயல் அடித்த ஓராண்டில் காய்ச்சல் கண்டு இறந்தான். அக்காவின் திருமணத்திலும் என் திருமணத்திலும், மணப்பெண் கையில் பொரி இட வேண்டிய உடன்பிறந்தவன் இடத்தில் ஒன்றுவிட்ட தம்பி நின்றான். 'அக்காவும் நானும்' என்று என் புகுந்த வீட்டில் நானே என் வாயால் சொன்னேன். சொல்லிச் சொல்லி, தங்கள் எதிரிலும் அதுவே வந்தது.

இக்கடிதத்தின் படி ஒன்றை நேற்று மருமகளிடம் கொடுத்தேன். வாங்கிப் படித்தாள். இன்னும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லாதிருக்க அவளுக்கு உரிமை உண்டு.

ஒன்று மட்டும் எஞ்சியிருக்கிறது. அதை அக்கா, தன் கடைசி நோயில் படுத்திருந்தபோது எனக்குச் சொன்னாள். அண்ணனை அனுப்பச் சம்மதிக்கும் முன், அம்மா அப்பாவிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தாளாம். "ஒரு மாசம் பாப்போம். அவன் போயும் இவ பேசலைன்னா, அவனால இல்லன்னு ஆயிடும். நானே போய்க் கூட்டிட்டு வந்துடுறேன்" என்று அப்பா சொல்லியிருந்தார். அந்த ஒரு மாதத்தைத்தான் அம்மா தன் உள்ளங்கைக்குள் பிடித்து வைக்கப் பார்த்தாள். பேருந்து நிலையத்தைத் தாண்டுவதற்குள் நான் அதை முடித்துவிட்டேன்.

இவ்விவரத்தை என் பேரனின் மருத்துவக் குறிப்புகளோடு சேர்த்து வைத்திருக்கும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.