இல்லாத மயிலுக்கு நிறுத்திய வான்

முதல் நாள்

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள சின்னப் பயணக் கடை ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, முதலில் வந்தவர் வேட்டி சால்வையோடு ஒரு பெரியவர். வாயெல்லாம் பல்லாக, "ஐயா, எங்கை போறியள்?" என்று கேட்டேன்.

மனுசன் அப்படியே நின்றுவிட்டார். "வெளிக்கிடேக்கை எங்கை எண்டு கேக்கிறியே பிள்ளை? போன காரியம் உருப்பட்ட மாதிரித்தான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். எதிர்க்கடையில் இருந்து ஒரு சோடாவைக் குடித்து, சகுனம் ஆறிய பிறகுதான் மறுபடி வந்தார்.

அவர் போனதும் முதலாளி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். பிறகு சொன்னார்: "மலர், ரிக்கற் விக்கிற கடையிலை இருந்துகொண்டு சனத்தை எங்கை போறியள் எண்டு கேட்டா, நாங்கள் கடையைப் பூட்டிப்போட்டு வீட்டை போகவேண்டியதுதான். எந்த ஊருக்குப் போடுறது எண்டு கேள்."

அன்றிலிருந்து இன்றுவரை அப்படித்தான் கேட்கிறேன். இப்போது கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுக்கிறேன். அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பஸ் நேரமெல்லாம் போனில் இருக்கும்போது கவுண்டரில் ஒரு ஆள் எதற்கு என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எத்தனை வழி

எங்கள் கடையில் அடிக்கடி கேட்கிற ஊர் திருகோணமலை. அங்கும் கடல், இங்கும் கடல். வரைபடத்தில் பார்த்தால் கரையோடு கரையாக இறங்கிவிடலாம் போலத் தெரியும். பாதை அப்படி இல்லை. ஏ-ஒன்பது வீதியால் வவுனியா வரைக்கும் தெற்கே போய், கிழக்கே திரும்பி, ஹொரவப்பொத்தானை ஊடாகக் காட்டுக்குள்ளால் போகவேண்டும். நேரடி பஸ் இருக்கிறது. ரயில் பாதையால் கோச்சியில் போகிறவர்கள் மாகோச் சந்தி வரை இறங்கிப் போய், அங்கே அடுத்த கோச்சிக்குக் காவல் இருந்து, மறுபடி மேலே ஏறி வரவேண்டும். வாடகை வான் பிடித்தால் விரும்பின இடத்தில் நின்று நின்று போகலாம்.

இதையெல்லாம் நான் ஒரே ஆளுக்கு மூன்று தரம் சொல்லியிருக்கிறேன். அவர்தான் செல்வராசா அண்ணை. வல்வெட்டித்துறைக்காரர். பெரிய கப்பல்களில் வேலை செய்து உலகத்தைச் சுற்றிவிட்டு ஓய்வாக வீட்டில் இருந்தவர். நல்ல உயரம், வெள்ளைச் சேட்டு. சேட்டுப் பைக்குள் எப்போதும் ஒரு தேசிக்காய், எலுமிச்சம்பழம்தான், இருக்கும். கண்ணூறுக்கு வைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

முதல் தரம் பஸ்ஸைப் பற்றிக் கேட்டார்.

"ஏசி பஸ்ஸும் இருக்கு அண்ணை. குளுகுளு எண்டு போகலாம்."

"அப்ப யன்னல் திறக்கேலாது, என்ன?"

"யன்னலைத் திறக்கிறதெண்டா பிறகேன் அண்ணை ஏசி?"

"பின்னை வேண்டாம்" என்று போய்விட்டார்.

இரண்டாம் தரம் கோச்சி. "வழி முழுக்கக் கதவடியிலை காத்துப் படுற மாதிரி நிக்கலாமோ?" என்று கேட்டார். கேட்கும்போதே ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். அந்தக் காலோடு மாகோ வரைக்கும் நிற்கிற கதை நடவாது என்று அவருக்கே தெரிந்தது.

மூன்றாம் தரம் கப்பல். "பாதை பூட்டிக் கிடந்த காலத்திலை காங்கேசன்துறையாலை கப்பல் விட்டவங்கள்தானே. இப்ப ஏன் இல்லை?"

"பாதை திறந்தபடியாலைதான் அண்ணை இல்லை."

"கோதாரி, பூட்டியே விட்டிருக்கலாம்" என்றார். சொல்லிவிட்டுத் தானே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. பின்னால் வரிசையில் சனம் நிற்கிறது. "அண்ணை, நீங்கள் உண்மையிலை போற ஆளோ, சும்மா பொழுது போக்க வாற ஆளோ?" என்று கேட்டுவிட்டேன்.

மனுசனுக்கு முகம் கறுத்துப் போய்விட்டது. வாங்கில் போய் இருந்தார். வரிசை முடிந்த பிறகு நான் தேத்தண்ணி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்போதுதான் கதை வெளியே வந்தது.

ஒரே மகள் சுகந்தி. தாய் முன்னமே தவறிவிட்டார். மகள் திருகோணமலைப் பெடியன் ஒருவனை விரும்பினாள். அண்ணை முழுச் சம்மதத்தோடு ஊரில் கலியாணம் செய்து வைத்து அனுப்பினார். அதன் பிறகு ஒருநாளும் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பேத்தி பிறந்தாள். துடக்குக் கழிக்கிற முப்பத்தொன்றுக்கும் போகவில்லை. பேத்தியை அவர் கண்டதெல்லாம் போனில்தான்.

"மருமோன் வீட்டுச் சனத்தைக் குறைவா நினைச்சுத்தான் நான் போகேல்லை எண்டு நினைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்கு முதலாம் பிறந்தநாள். இந்த முறையும் வரேல்லை எண்டா இனிக் கூப்பிடவே மாட்டன் எண்டு சொல்லிப்போட்டாள், தங்கச்சி."

"அப்ப ஏன் அண்ணை போகேல்லை?"

அவர் பதில் சொல்லுமுன் வெளியே ஒரு பஸ் உறுமி, டீசல் புகையை முழுக்கக் கடைக்குள் விட்டுவிட்டுப் போனது. அண்ணை அவசரமாகத் தேசிக்காயை எடுத்து மூக்கில் வைத்தார். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. எனக்கு விளங்கிவிட்டது.

"அண்ணை, உங்களுக்குச் சத்தியோ?"

"மெல்லக் கதை பிள்ளை!" என்று சுற்றிப் பார்த்தார். "கடலிலை அலை வீட்டளவுக்கு எழும்பேக்கையும் நிண்டு சோறு திண்டவன் நான். என்ரை மோட்டச்சைக்கிளிலை எங்கையும் போவன். உந்த பஸ்ஸிலை, காரிலை ஏறினா ஆனையிறவு தாண்ட முதல் குடல் வெளியாலை வருது. குளிசை போட்டா வாயைப் பிளந்துகொண்டு நித்திரை. மருமோன் வீட்டார் கடல் தொழில் செய்யிற ஆக்கள். கப்பல்காரன் வாந்தியும் கையுமா வந்து இறங்கினான் எண்டு அவங்கள் சிரிக்கமாட்டாங்களோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை. ஆனால் அந்தப் பெரிய மனுசன் தேசிக்காயைப் பிடித்துக்கொண்டு இருந்த கோலத்தைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

சனிக்கிழமை எங்கள் சுற்றுலா வான் திருகோணமலைக் கோயிலுக்குப் போக இருந்தது. ஆட்களோடு கூடப் போகிறது நான்தான். "அதிலை வாங்கோ அண்ணை. உங்களுக்கு ஏலாமல் வரேக்கை செருமுங்கோ. நான் இடம் காட்டுறன் எண்டு வானை நிப்பாட்டுறன். ஒருத்தருக்கும் தெரியாது" என்றேன். சத்தியம் வாங்கிக்கொண்டுதான் காசு கட்டினார்.

மயில்கள்

வானில் பண்டத்தரிப்பில் இருந்து ஒரு குடும்பமும், கோப்பாயில் இருந்து ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவரும். சாரதி ரூபன். அண்ணையை முன் சீற்றில் ஏற்றலாம் என்று நான் போட்ட கணக்கு ரீச்சரிடம் பலிக்கவில்லை. "எனக்குக் கால் நீட்ட வேணும்" என்று காலையிலேயே ஏறி இருந்துவிட்டார். அண்ணையை எனக்குப் பின்னால் யன்னல் ஓரமாக இருத்தினேன்.

ஆனையிறவு வர முதலாவது செருமல். இறங்கி எல்லோருக்கும் உப்பளத்தையும் தண்ணீரில் நின்ற பறவைகளையும் காட்டினேன். அண்ணை காற்று வந்த பக்கம் முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றார். முறிகண்டியில் கவலை இல்லை. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் கடலை வாங்காமல் எந்த வாகனமும் அந்த இடத்தைத் தாண்டாது. அங்கே வேண்டுமென்றே நேரத்தை இழுத்தேன். வவுனியாவில் குளக்கட்டைப் பார்க்க வைத்தேன்.

வவுனியா தாண்டிக் கிழக்கே திரும்பியதும் எனக்கு இடம் முடிந்துவிட்டது. இரண்டு பக்கமும் பற்றைக் காடு. அண்ணை செருமுகிறார். எதைக் காட்டுவது?

"ரூபன், நிப்பாட்டு! மயில்!"

எல்லோரும் இறங்கினார்கள். "எங்கை அக்கா மயில்?" என்றார் பண்டத்தரிப்புக்காரர்.

"இப்பதான் உள்ளுக்கை போனது. கொஞ்சம் நில்லுங்கோ, வரும்."

அண்ணை மற்றப் பக்கம் போய் நின்று மூச்சு வாங்கினார். மயில் வரவில்லை. எப்படி வரும்?

இன்னும் கொஞ்சத் தூரம் போக மறுபடி செருமல். மறுபடி மயில். ரூபன் கண்ணாடியில் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். இந்த முறை ஒருவரும் மயிலைத் தேடவில்லை. கோயில் பூட்ட முதல் போகவேண்டாமோ என்று முணுமுணுத்தார்கள்.

ஹொரவப்பொத்தானை கழிந்து ஒரு வளைவில் செருமல் கேட்டது. நான் வாய் திறக்கவில்லை. மூன்றாவது மயிலைச் சொல்ல எனக்கு வெட்கமாகிவிட்டது. அதுதான் பிழையாய்ப் போய்விட்டது. ரூபன் கண்ணாடியில் அவர் முகத்தைக் கண்டு வானை நிறுத்தவும், அண்ணை கதவை இழுத்துத் திறந்துகொண்டு இறங்கவும் சரியாக இருந்தது. பாதையோரம் குந்தி இருந்து, எல்லோருக்கும் முன்னால் சத்தி எடுத்தார்.

ரீச்சர் தண்ணீர்ப் போத்தலோடு இறங்கிப் போய் அவர் முதுகைத் தடவினார். "பள்ளிக்கூடப் பிள்ளையளைச் சுற்றுலா கூட்டிக்கொண்டு போய் எத்தினை முதுகு தடவின கை இது. வெக்கப்படாதேங்கோ" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "உவரை முன்னுக்கு ஏத்து மலர். உன்ரை மயிலை நான் ஆனையிறவிலையே கண்டிட்டன்."

"பிறகேன் ரீச்சர் சொல்லேல்லை?"

"இன்னும் எத்தினை பிடிக்கிறாய் எண்டு பாத்தனான்."

அண்ணை நிமிரவில்லை. "தயவுசெய்து மகள் வீட்டிலை ஒருத்தரும் மூச்சு விடாதேங்கோ" என்றார்.

"என்னத்தை அண்ணை?" என்றார் பண்டத்தரிப்புக்காரர். "நாங்கள் மயில் பாத்துக்கொண்டு வந்தனாங்கள்."

திருகோணமலைக்குக் கிட்ட உள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் வழக்கமாக எல்லோரும் ஒவ்வொரு கிணறாக வாளி விட்டு, எது கூடச் சூடு என்று பார்ப்பார்கள். அன்று எல்லோரும் அண்ணையைத்தான் குளிக்க வார்த்தார்கள். ரீச்சர் தலைக்கு எண்ணெய் கொடுத்தார். புதுச் சேட்டுப் போட்டதும் ஆள் மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டார்.

கேற்றடியில்

கோயிலை விட்டுவிட்டு முதலில் மகள் வீட்டுக்குப் போகச் சொன்னது ரீச்சர்தான். கடற்கரையோரத்தில் சின்ன வீடு. அண்ணையும் நானும் இறங்கினோம். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுகந்தி கேற்றடிக்கு வந்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை.

"இப்பதான் பாதை தெரிஞ்சதோ?"

அண்ணை வாயைத் திறந்தார், உடனே மூடிக்கொண்டார். கடைசி வளைவுகள் தங்கள் வேலையைக் காட்டிவிட்டன. கேற்றைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார். மகளுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? வந்த இடத்திலும் ஒரு சொல் கதைக்காத தகப்பன். அவள் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. சொல்லிவிடுவோமா என்று எனக்கு நாக்குத் துடித்தது. சத்தியம் செய்து தொலைத்துவிட்டேனே!

சுகந்தி அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். நெற்றி வேர்வையைப் பார்த்தாள். சேட்டுப் பைக்குள் முட்டிக்கொண்டிருந்த தேசிக்காயைப் பார்த்தாள். பிள்ளையைத் தூக்கி என் கையில் தந்துவிட்டு, தகப்பனின் தோளைப் பிடித்துக் கடல் பக்கம் திருப்பினாள்.

"கதையாதேங்கோ அப்பா. மூக்காலை மூச்சை இழுங்கோ. தூரத்திலை வானம் முட்டுற இடத்தைப் பாருங்கோ. கண்ணை எடுக்காதேங்கோ. மணிக்கட்டை இப்பிடி அமத்திப் பிடியுங்கோ."

கொஞ்ச நேரத்தில் அண்ணைக்கு நிறம் திரும்பியது. "உனக்கு உது ஆர் சொல்லித் தந்தது?" என்று கேட்டார்.

"ஆர் சொல்லித் தாறது? கலியாணக் காரிலை, கூறைச் சீலையோடை, வவுனியா வரும் மட்டும் சத்தி எடுத்தனான். பை முடிஞ்சு போய் மாப்பிள்ளையின்ரை தலைப்பாகைக்குள்ளையும் எடுத்தனான். அண்டைக்கு நினைச்சனான், செத்தாலும் இனி உந்த ரோட்டாலை போறேல்லை எண்டு. அதுதான் ஊருக்கு வரேல்லை."

"எனக்கு ஏனடி சொல்லேல்லை?"

"கப்பல்காரன்ரை மகள் காரிலை சத்தி எடுத்தாள் எண்டு உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறது?"

அண்ணை சிரிக்கத் தொடங்கினார். சிரித்துக்கொண்டே படியில் இருந்தவர், பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். "அம்மா இருந்திருந்தா ரெண்டு பேருக்கும் பை கட்டித் தந்து அனுப்பியிருப்பா" என்றாள் சுகந்தி. பின்னால் செம்பில் தண்ணீரோடு நின்ற மருமகன், அந்தத் தலைப்பாகையைத் தான் இன்னும் வைத்திருப்பதாகச் சொன்னார். நான் பிள்ளையைக் கொண்டுபோய் அண்ணையின் மடியில் வைத்தேன். அவர் தேசிக்காயை எடுத்துக் கொடுக்க, பிள்ளை அதை வாய்க்குள் வைத்துவிட்டு முகத்தைச் சுழித்தாள்.

வானில் இருந்த சனம் அதற்குப் பிறகு கோயில் பூட்டுவதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. ரூபன் கொஞ்சம் வேகமாக ஓட்டினான், அவ்வளவுதான். மறுநாள் திரும்பும்போது அண்ணை வரவில்லை. முன் சீற் காலியாகவே வந்தது. ரீச்சரும் அதில் ஏறவில்லை.

பிறகு

கவுண்டருக்கு வருகிறவர்களை எங்கே போகிறீர்கள் என்று கேட்கக் கூடாது என்று முதல் நாளே படித்தேன். மூன்று தரம் வந்தும் ரிக்கற் எடுக்காமல் போகிறவரை, ஏன் போகவில்லை என்று கேட்கவேண்டும் என்று படிக்க எனக்கு இத்தனை காலம் எடுத்தது. போனில் பார்த்தால் பஸ் நேரம் தெரியும், பிள்ளைகளே. அந்தக் கேள்வியை அது கேட்காது.

போன கிழமை கடைக்கு ஒரு அழைப்பு வந்தது. "மலர் அக்கா, சுகந்தி கதைக்கிறன். நல்லூர்த் திருவிழாவுக்கு வாறம். அப்பா, நான், பிள்ளை. வானிலை மூண்டு சீற் போடுங்கோ. அப்பா சொல்லச் சொன்னவர், மயில் நிக்கிற இடமெல்லாம் நிப்பாட்டட்டாம்."

"பிள்ளை காரிலை நல்லா வருவாளோ?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "எங்கையக்கா! கன்னியா தாண்ட மாட்டாள்."