பெயர் போட்ட பக்கம்

கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் சாலையில், ஒன்பதாவது கல்லுக்கு அருகே உள்ளடங்கியிருந்த ரப்பர்த் தோட்டம் ஒன்றின் தமிழ்ப் பள்ளிக்கு, 1928ஆம் ஆண்டு தை மாதம் சபாபதி வாத்தியாராக வந்து சேர்ந்தார். வந்த முதல் வாரத்திலேயே, முன்னவர் விட்டுச்சென்ற மூன்று பிரம்புகளையும் எடுத்துப் பள்ளிக்குப் பின்புறம் அவரைக்கொடிக்குப் பந்தல் கட்டிவிட்டார். அது பிள்ளைகளுக்கு வேடிக்கையாகவும் பெற்றோருக்குக் கவலையாகவும் இருந்தது.

அதற்குமுன் அவர் பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குடியிருப்புப் பள்ளி ஒன்றில் உதவி ஆசிரியர். அங்கே ஞாயிற்றுக்கிழமைதோறும் அய்யாவு என்ற ரயில்வே குமாஸ்தாவின் வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி, மனிதநேயக் கொள்கையைப் பற்றி வாதிடுவார்கள். பிறப்பையும் குலத்தையும் மறுமையையும் கொண்டு மனிதனை மதிப்பிடக் கூடாது, அவனுடைய அறிவும் அனுபவமுமே அவனுக்கு அளவுகோல் என்பது அவர்கள் கண்ட முடிவு. வாதம் முடிந்ததும் காப்பி குடித்துவிட்டு எல்லாரும் வீடு திரும்புவார்கள். சபாபதி ஒருவர்தான் அதை வகுப்பறைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்.

தோட்டப் பிள்ளைகள் காலையில் புல் பிடுங்கிவிட்டு, நண்பகலுக்கு மேல்தான் பள்ளிக்கு வருவார்கள். அவர்களைச் சபாபதி வாசலில் நின்று, "வாங்க, உட்காருங்க" என்று அழைத்தார். முதல் நாள் பிள்ளைகள் பின்னால் யாரோ பெரியவர் வருவதாக எண்ணித் திரும்பிப் பார்த்தார்கள்.

தோட்டத்துக் கூலியாட்களை மேய்க்கும் தம்புசாமிக் கங்காணிக்கு இது தாங்கவில்லை.

"என்ன வாத்தியாரே, மூக்கு ஒழுகுற பயலுக்கெல்லாம் வாங்க போங்கவா? நாளைக்கு நான் காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல நின்னு, 'சின்னையா அவர்களே, பால் எடுக்க மரம் வெட்டப் போறீங்களா'ன்னு கேக்கணுமாக்கும்?"

"கேட்டுப் பாருங்களேன் கங்காணியாரே. மரம் ஒண்ணும் கோவிச்சுக்காது."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கங்காணி சிரிக்கவில்லை.

இரண்டாண்டுகளில் பிள்ளைகள் கேள்வி கேட்கப் பழகினார்கள். அடுத்ததாகச் சபாபதி, வெள்ளிக்கிழமைதோறும் அந்த வாரத்தில் தாங்கள் கண்டதைச் சொந்த வாக்கியங்களில் எழுதச் சொன்னார். முதலில் சிலேட்டுப் பலகையில்தான் எழுதினார்கள். எழுதியது அன்றே அழிந்தது. அது அவருக்கு உறுத்தியது. மனிதனின் சொல் எச்சில் தொட்டுத் துடைத்துவிடும் பொருளா? கிள்ளானில் கெட்டி அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கினார். நல்ல பகுதிகளை மையால் அதில் எழுதச் செய்தார். ஒவ்வொன்றின் கீழும் எழுதியவர் முழுப்பெயர் போட வேண்டும் என்பது விதி.

1930ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பால்வெட்டுச் சின்னையாவின் மகள் பவுனம்மாள் எழுதினாள். பத்து வயது. தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடான லயத்திலேயே பிறந்து வளர்ந்தவள்.

"தம்பி பிறந்து எட்டாம் நாள் கங்காணி வந்து அம்மாவை வேலைக்குக் கூப்பிட்டார். அம்மா மரத்தடியில் விழுந்துவிட்டது. பால் வாளி கவிழ்ந்தது. அதற்காக அம்மாவை வெயிலில் நிற்க வைத்தார்கள். தம்பியை நான்தான் வைத்திருந்தேன். தம்பி அழுது அழுது நிறுத்திவிட்டான். மறுநாள் புதைத்தார்கள்."

சபாபதி அதை மூன்று முறை படித்தார். ஓர் எழுத்தையும் திருத்தவில்லை.

"பேரு போடணுங்களா வாத்தியாரய்யா?" என்று பவுனம்மாள் பேனாவைப் பிடித்தபடி கேட்டாள்.

"போடணும்மா. இது உங்க வார்த்தை. வேற யார் பேரைப் போடுறது?"

அவள் போட்டாள். தகப்பன் பெயரையும் சேர்த்து.

அடுத்த மாதம் பள்ளி மேற்பார்வைக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். வாய்ப்பாடு கேட்டார், வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். சபாபதி தாமாகவே நோட்டுப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். கடமைக்கு வந்த அதிகாரி ஒருவராவது தம் வேலையின் உட்பொருளைக் காணட்டும் என்ற ஆசை அவருக்கு. இன்ஸ்பெக்டர் கையெழுத்தைப் பாராட்டினார். நிதானமாகப் படித்துப் பார்ப்பதாகச் சொல்லிப் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோனார். அன்று அவருக்குச் சாப்பாடு தோட்டத்தை நிர்வகிக்கும் வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில். புத்தகம் அங்கேயே தங்கிவிட்டது.

பிள்ளை பெற்றவளை எட்டாம் நாள் வேலைக்கு இறக்கியது வெளியே தெரிந்தால் தோட்டத்துக்குத் தலைவலி. அது ரப்பர் விலை விழுந்திருந்த காலம். தோட்டந்தோறும் ஆட்குறைப்பு, வேண்டாதவர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு குடும்பத்தைப் பட்டியலில் சேர்க்க எவரும் காரணம் கேட்காத நேரம்.

நான்காம் நாள் தோட்டத்துக் கிராணியார் பள்ளிக்கு வந்தார். ஆபீஸ் கணக்குகளைப் பார்ப்பவர், பயந்த மனிதர், நல்லவர்.

"வாத்தியாரே, சின்னையா குடும்பம் லிஸ்டுல ஏறிருக்கு. நாளைக்குத் துரை உங்களைக் கூப்பிட்டுக் கேப்பார். ஒரே வார்த்தை சொல்லுங்க. 'நான்தான் கதை கட்டி எழுதச் சொன்னேன், புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது'ன்னு சொல்லுங்க. துரைக்கும் அதுதான் வேணும். அவங்க பேரை நான் அடிச்சிடறேன்."

"எனக்கு?"

"உங்களுக்கு வேலை போகும். மறைப்பானேன்? ஆனா நீங்க படிச்சவர். பிரிக்பீல்ட்ஸ்ல ஆளுங்க இருக்காங்க. அவங்களுக்கு இந்தியாவுல ஒரு துண்டு நிலம்கூடக் கிடையாது, யார் இருக்கா?"

மறுநாள் ஆபீசில் துரை நாற்காலியில் சாய்ந்திருந்தார். கிராணியார் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார். மேசைமேல் நோட்டுப் புத்தகம் திறந்துகிடந்தது. சபாபதியின் மனத்தில் இரவெல்லாம் ஒரே வாதம் ஓடியிருந்தது. அந்தப் பெண்ணின் சொல்லைத் தம் சொல் என்பது, அவளுக்குச் சிந்தனையே இல்லை என்று சொல்வதற்குச் சமம். எந்தக் கொள்கைக்காகப் பிரம்பை விட்டாரோ அந்தக் கொள்கைக்கே துரோகம். வாதத்தில் குற்றமே இல்லை. குற்றமில்லாமல் இருந்ததுதான் அவருக்குச் சற்றே சந்தேகம் தந்தது.

"இதை எழுதச் சொன்னது நீங்களா என்று துரை கேட்கிறார்" என்றார் கிராணியார். அவர் கண்கள் கெஞ்சின.

"எழுதப் பழக்கினேன். எழுதியதெல்லாம் அந்தப் பெண்ணின் சொந்த வார்த்தை."

கிராணியார் ஒரு கணம் தாமதித்தார். பிறகு மொழிபெயர்த்தார். துரை தலையசைத்து, உண்மை பேசியதற்கு நன்றி என்றார். வேலையைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

அதற்கு ஐந்தாம் நாள் காலை, ஸ்டேஷனுக்குப் போகும் லோரி லயத்தின் முன் வந்து நின்றது. சின்னையா மூட்டைகளை ஏற்றினார். அவர் மனைவி இராஜம்மா சபாபதியைக் கண்டு இறங்கி வந்தாள். கிராணியார் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

"ஒரு பொய் சொல்லிருந்தா என்னங்கய்யா கொறைஞ்சிருக்கும்?"

"பவுனம்மாள் எழுதியது உண்மைதானேம்மா. அதை நான் எப்படி..."

"உண்மைன்னு எங்களுக்குத் தெரியாதா? செத்தது எம்புள்ள."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். லோரியின் மேலே மூட்டையின்மீது உட்கார்ந்திருந்த பவுனம்மாளை அவர் பார்த்தார். "போயிட்டு வாங்கம்மா" என்றார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தந்தையின் கிராமத்தின் பெயர் தவிர அவளுக்குப் போகப்போகும் நாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது.

அடுத்த வெள்ளிக்கிழமை இருபத்திரண்டு பிள்ளைகளும் பலகையில் எழுதியது ஏறக்குறைய ஒன்றுதான்: மழை பெய்தது, மாடு புல் தின்றது. அவர் யாரையும் தூண்டிக் கேட்கவில்லை. பிரம்பையும் எடுக்கவில்லை. "வாங்க, உட்காருங்க" என்பது மட்டும் நாள் தவறாமல் தொடர்ந்தது. ஆண்டு முடிவில் அவருக்கு நன்னடத்தைச் சான்றிதழ் ஒன்று வந்தது. அதில் துரையின் கையொப்பம் இருந்தது.

1934இல் அய்யாவு வீட்டுக் கூட்டம் ஒரு சங்கமாக வளர்ந்திருந்தது. 'வகுப்பறையில் மனிதநேயம்' என்ற தலைப்பில் பேசச் சபாபதியை அழைத்தார்கள். ஒரு மணி நேரம் பேசினார். அழகாகப் பேசினார். பிரம்பு அவரைப் பந்தலானதைச் சொன்னபோது சபை சிரித்தது. பத்து வயதுப் பெண் ஒருத்தி, எவர்க்கும் அஞ்சாமல் தான் கண்டதை எழுதித் தன் பெயரையும் போட்டாள் என்றபோது நெடுநேரம் கைதட்டியது.

கூட்டம் முடிந்ததும் அய்யாவு காப்பியை நீட்டியபடி கேட்டார்:

"அந்தப் பொண்ணு இப்ப எங்கே இருக்கு, சபாபதி? ஒருநாள் இங்கே கூட்டிட்டு வாங்களேன்."

"அவங்க ஊரோட போயிட்டாங்க" என்றார் சபாபதி. "அப்பாவுக்கு அங்கே நிலம் இருந்தது."

காப்பி ஆறுவதற்குள் குடித்து முடித்தார்.