தையல்காரம்மா அறிவியல் மாளிகைக்குப் போனது

தையல்காரம்மாவுக்கு உலகத்தில் எதுவும் லேசில் பிடிக்காது. அடுத்த கடைக்காரன் வெட்டிய ஜாக்கெட் கழுத்து கோணல், பக்கத்து வீட்டுப் பெயின்ட் கண்ணைக் குத்துகிறது, புருஷன் போட்ட காபி கழுநீர். பேசும்போது கீழுதடு ஒரு பக்கம் இறங்கும். இறங்கினால் எதிரில் நிற்பவர் காலி.

அப்படிப்பட்டவளைத்தான் தங்கை அந்த மாளிகைக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டியிருந்தார்கள்: ஒரு பக்கம் கலைக்கூடம், ஒரு பக்கம் அறிவியல் கூடம், நடுவில் கண்ணாடிக் கோளம். தங்கை மகளுக்கு அங்கே வழிகாட்டி வேலை கிடைத்திருந்தது. அதைச் சொல்லிச் சொல்லியே தங்கை மாய்ந்துபோனாள். நேரில் பார்த்து நாலு குறை சொன்னால்தான் தூக்கம் வரும் என்று அக்காளும் கிளம்பினாள்.

குறைக்குப் பஞ்சமில்லை. வாசலில் ஓர் இயந்திர பொம்மை வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் அதைத் தாண்டிப் போய்விட்டாள். கலைக்கூடத்துக் கண்ணாடிப் பெட்டியில் பழைய அரச உடைகளைப் பார்த்து, "ஊசி பிடிக்கத் தெரியாதவன் எல்லாம் ராஜாவுக்குத் தைச்சிருக்கான்" என்றாள். செயற்கை நிலநடுக்கம் காட்டும் மேடையில் ஏறி நின்றுவிட்டு, எங்கள் வீதி பஸ் இதைவிட நன்றாக ஆட்டும் என்றாள். கோளத்துக்குள் நட்சத்திரம் காட்டியபோது தூங்கினாள். தங்கையின் முகம் சுண்டிக்கொண்டே வந்தது. அதைப் பார்க்கப் பார்க்க இவளுக்கு நடந்த அலுப்பெல்லாம் பறந்தது.

கடைசியாக இதயக் கூடம். ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடி இதயம். இரண்டு உலோகப் பிடிகளைப் பற்றினால், பிடித்தவரின் துடிப்புக்கு ஏற்ப உள்ளே சிவப்பு விளக்கு எரிந்து அணையும். தங்கை பிடித்தாள்; சீராக மின்னியது. இவள் பிடித்தாள். ஒரு மின்னல், ஒரு தயக்கம், படபடவென்று நாலைந்து, மறுபடி இருட்டு.

"திறந்து ஒரு மாசம் ஆகலை, அதுக்குள்ள ரிப்பேரு" என்றாள்.

தங்கை மகள் தன் கையை வைத்துப் பார்த்தாள். ஒழுங்காக எரிந்தது. அதுவரை மனப்பாடம் ஒப்பித்துக்கொண்டு வந்த பெண் குரலைத் தாழ்த்தினாள்.

"பெரியம்மா, இன்னொரு தடவை பிடிங்க."

பிடித்தாள். விளக்கு அதே மாதிரி தடுமாறியது.

"மாடி ஏறினா மூச்சு வாங்குதா?"

வாங்கிக்கொண்டுதான் இருந்தது. மாடியிலிருக்கும் தன் கடைக்குப் படி கட்டிய கொத்தனாரைத்தான் இத்தனை நாளும் திட்டிக்கொண்டிருந்தாள். தங்கை பக்கத்தில் நிற்கும்போது அதை எப்படி ஒத்துக்கொள்வது? "உன் மெஷினையே கேளு" என்று கையை உதறிவிட்டு நடந்தாள்.

வீட்டுக்கு வந்தும் வாயைத் திறக்கவில்லை. தங்கை மகளே பெரியப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். ஒருநாளும் மறுபேச்சுப் பேசாத மனுஷர், மறுநாள் கடையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ஆஸ்பத்திரிக்கு வந்தாத்தான் சாவி" என்றார்.

துடிப்பு தாறுமாறாக இருக்கிறது, இப்படியே விட்டிருந்தால் ரத்தம் கட்டி மூளையை அடைத்து, கை கால் ஒரு பக்கம் விழுந்திருக்கலாம் என்றார் டாக்டர். நல்ல வேளை, மாத்திரையிலேயே அடங்கியது.

தங்கை மகளிடம் நன்றி என்று ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டாள். ஆனால் அளவு கொடுக்க வருகிற பெண்கள் யாராவது மாளிகைக்குப் போகப்போவதாகச் சொன்னால், வாயில் கவ்விய குண்டூசியை எடுத்துவிட்டுச் சொல்கிறாள்: "அங்க பாக்க ஒரு மண்ணும் இல்லை. கடைசி ரூம்ல ஒரு கண்ணாடி இதயம் இருக்கு. அதை மட்டும் கெட்டியாப் பிடிச்சுப் பாத்துட்டு வந்துடு."