அடிவாரத்தில் காயப்போட்ட கிடார்

மீன் கழுவிய தண்ணீர் தேங்கி நின்றால் ஒரு வாடை வருமே, அந்த வாடை ஏற்காட்டு மலைமேல் கொட்டச்சேட்டில் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் ஒரு மார்கழி முழுக்க அடித்தது. எஸ்டேட் பங்களாக்களுக்குக் கதவும் ஜன்னலும் செய்துகொண்டு எங்களோடு இருந்த முருகேசு மாமா, என் அம்மாவின் தம்பி, முதன்முதலாக ஒரு கிடார் செய்திருந்தார். ஏற்காட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றின் பாட்டு வாத்தியார் கேட்டுச் செய்தது. அவருக்குப் பிடித்துவிட்டால் மேலும் வேலை வரும், இல்லாவிட்டால் மாமா பெங்களூருக்கு மரவேலைக்குப் போய்விடுவார் என்று வீட்டில் பேச்சு.

அதற்கு எடுத்த ஈட்டி மரத்தில் ஊசியால் குத்தினாற்போல் பொடிப்பொடியான துளைகள் இருக்கும். அவற்றை அடைக்காமல் வார்னிஷ் அடித்தால் பளபளப்பெல்லாம் குழி குழியாகத் தெரியுமாம். அதற்காக மாமா இரண்டு டப்பாக்களில் இருந்த 'எபாக்சி' பசையைக் கலந்து, தேய்ந்த தகடொன்றால் மரத்தின்மேல் இழுத்துப் பூசினார். அந்த மீன் வாடை அதிலிருந்துதான் வந்தது. பசை என்றால் இரண்டு பொருளை ஒட்டத்தானே, ஒட்ட ஒன்றுமில்லாத இடத்தில் எதற்கு என்று எனக்குக் குழப்பம்.

விடிந்ததும் கல்லாக இறுகியிருக்க வேண்டியது, அந்தப் பனியில் வெல்லப்பாகு போலப் பிசுபிசுத்தது.

"நல்ல மரத்தைக் கெடுத்துப்போட்டயேடா" என்று அம்மா அங்கலாய்த்தாள்.

"குளுருதானுங்க்கா, வேறொண்ணுமில்ல. வெயில் பட்டாச் செரியாப் போயிரும்" என்ற மாமா, கிடாரின் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு அடிவாரத்துக்குப் பஸ் ஏறினார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஆட்கள் சாயச் சாய, "ஏனுங்க, ஈரமுங்க, ஒட்டிக்குமுங்க" என்று கெஞ்சிக்கொண்டே வந்தார். என் மூச்சு அதன்மேல் பட்டதற்குக்கூடத் திட்டு விழுந்தது.

அடிவாரத்து டீக்கடைக்காரரின் மகள் செல்வி, துணி காயப்போடும் கம்பியில் வெயில் படுமிடத்தைக் காட்டினாள். "எண்ணெய் பூசியிருக்குதுங்களா?" என்று கேட்டபடியே விரலை வைத்து அழுத்திவிட்டாள். ரேகை அப்படியே பதிந்தது. மாமா கத்தப்போகிறார் என்று நான் பயந்தேன். அவரோ சிரித்தார்.

சாயங்காலம் நான் நகத்தால் கீறிப் பார்த்தேன். கோடுகூட விழவில்லை. ஆனால் இரண்டு நாள் கழித்து, "இன்னும் காயலீங்க்கா" என்று மாமா மறுபடி கிடாரோடு கீழே போனார். அதன்பிறகும் போனார். வாத்தியார் வீடு தேடி வந்து கேட்டபோது, "காஞ்சிருச்சுங்களே, நான் தொட்டுப் பாத்தேன்" என்றேன்.

"மேலதான் காஞ்சிருக்குது கண்ணு. உனக்குத் தெரியாது" என்றார் மாமா.

எடுத்ததற்கெல்லாம் அவரைத் திட்டும் அம்மா அன்றைக்கு வாயே திறக்கவில்லை. என் விரலையே நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன்.

தை பிறந்த பிறகு மாமா கிடாரைத் தேய்த்து, வார்னிஷ் அடித்துக் கொடுத்தார். வாத்தியார் வாசித்துப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு வேண்டும் என்றார். வைகாசியில் மாமாவுக்கும் செல்விக்கும் கல்யாணம். மாமா டீக்கடைக்குப் பின்னாலேயே பட்டறை போட்டுக்கொண்டார். முன்னால் நின்று பெண் பேசி முடித்த அம்மா, கல்யாணத்தன்று தேம்பித் தேம்பி அழுதாள். அதுவும் எனக்குப் புரியவில்லை.

இன்று மாமா இல்லை. டீக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. கிடாரோடு ஊரைவிட்டுப் போன வாத்தியார் எங்கே இருக்கிறாரோ தெரியாது. போன மாதம் செல்வி அத்தையைப் பார்த்தபோது, இத்தனை வருஷமாக மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அத்தே, அந்தக் கிடாரு மொத நாளே காஞ்சுதா, இல்லீங்களா?"



"எனக்கெப்படிக் கண்ணு தெரியும்? காஞ்சிருச்சுன்னு தெரிஞ்சா உங்க மாமா வராம போயிருவாரோன்னு, அப்பறம் நான் அதைத் தொட்டே பாக்கல."